மணலைக் கண்டுபிடித்த துரை

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், எழும்பூர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை மணலைக் கண்டுபிடித்தார்.

அதற்கு முன்னால் எழும்பூரில் மணலே கிடையாதா என்று கேட்கக் கூடாது. மணல் இருந்தது. அதில் விரலால் 'அ' எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு கையில் அந்த விரலையும் மறு கையில் பிரம்பையும் பிடித்தபடி வாத்தியாரும் இருந்தார். ஆனால் இவர்களில் ஒருவரும் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போடவில்லை. புத்தகம் போடாதவன் எதையாவது கண்டுபிடித்தான் என்று சரித்திரம் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

துரையின் பெயர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753-ல் பிறந்தவர். வாலிபத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய், ஒரு புகையிலைப் பண்ணைக்காரரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அங்கே சுதந்திரப் போர் மூண்டு வெள்ளைக்காரர்களை வெள்ளைக்காரர்களே சுட ஆரம்பித்த பிறகு, ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் உடைந்தது. அவர் உடையவில்லை. பிறகு பாதிரியாராகி, 1787-ல் மதராஸில் வந்து இறங்கினார்.

இறங்கும்போது மடியில் நூற்றுச் சில்லறை பவுன். இங்கே வந்ததும் பல பட்டாளங்களுக்கு ஒரே சமயத்தில் பாதிரியார் ஆனார். ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதானே, அத்தனை பட்டாளமும் எங்கே எப்போது ஜெபம் செய்தது என்பதை ஆண்டவர்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒன்பதரை வருஷம் கழித்து ஊர் திரும்பியபோது துரையின் சேமிப்பு 25,000 பவுனைத் தாண்டியிருந்தது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவர் சம்பளம் வேண்டாம் என்றார். 1789-ல் எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆதரவோடு தொடங்கிய ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்கு மேற்பார்வையாளர் வேலை அது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். அப்பா செத்திருப்பார், அல்லது கப்பலேறியிருப்பார்.

விடுதி வாத்தியார்கள் எல்லா நாட்டு வாத்தியார்களையும் போலத்தான். கிடைக்கிற கூலிக்குத் தக்க உழைப்பு. மாசக்கணக்கில் கத்தியும் சின்னப் பிள்ளைகளுக்கு 26 எழுத்து ஏறவில்லை. பெல்லுக்கு மண்டை காய்ந்தது.

அப்படியிருக்க ஒரு நாள் காலையில் துரை குதிரையில் உலாவப் போனார். போகிற வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். கட்டடம், பலகை, மேசை, நாற்காலி என்று எதுவும் கிடையாது. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். துரை அந்த இடத்திலேயே குதிரையைத் திருப்பி, ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய உற்சாகத்தில் விடுதிக்கு விரைந்தார். ஆடை உடுத்தியிருந்தார் என்பது மட்டும் வித்தியாசம்.

துரை குதிரையை விட்டு இறங்காமல் போனதால், அவர் பார்த்தது கொஞ்சம், பார்க்காமல் விட்டது நிறைய. அதை நாம் இறங்கிப் பார்த்துவிடலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடம் கருக்கலிலேயே ஆரம்பித்துவிடும். வாத்தியார் ஓர் எழுத்தைச் சொல்ல, பிள்ளை அதை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதும். வாயும் காதும் விரலும் ஒரே எழுத்தில் மாட்டிக்கொள்ளும். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. தப்பு போயே போய்விட்டது. காகிதச் செலவு கிடையாது, சிவப்பு மை கிடையாது, ஆயுளுக்கும் சாட்சி சொல்லும் மதிப்பெண் பட்டியலும் கிடையாது. இப்படி 247 எழுத்தையும் தேய்த்து முடித்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அதன் பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி என்று வரிசையாக மனப்பாடம்.

வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலவிதம். ஒருவன் மணலில் இருப்பான், ஒருவன் ஓலையில் இருப்பான், ஒருவன் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டு முழிப்பான். எல்லாரையும் ஒருவரே மேய்க்க முடியாது. அதனால் பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது, வராதவனை வீட்டிலிருந்து குண்டுக்கட்டாகத் தூக்கி வருவது, இவையெல்லாம் அவன் பொறுப்பு. வாத்தியாருக்குச் சின்னதாக ஒரு தூக்கம் வந்தால் ராஜ்யமே அவன் கையில். பட்சணம் கொண்டுவருகிற பையனின் தப்புகள் சட்டாம்பிள்ளை கண்ணில் படாமல் போவதும் உண்டு.

வாத்தியார் வருமானம் அரிசி, காய்கறி, விறகு, கொஞ்சம் சில்லறை. பண்டிகை வந்தால் மேலே ஏதாவது. நவராத்திரியில் பையன்களைத் திரட்டி வீடு வீடாகப் பாட்டும் கோலாட்டமுமாகப் போனால் கொஞ்சம் காசு தேறும். வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான் கல்விக்கு ஊரில் மரியாதை.

விடுதிக்கு வந்த பெல், கீழ் வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டு, இனி மணலில்தான் எழுத்துப் பாடம் என்று உத்தரவு போட்டார். அதற்குப் பின் நடந்தது நிஜம். பேசிக்கொண்ட வாசகம் மட்டும் நம் சரக்கு.

"மணலிலா துரை?"

"மணலில்தான்."

"அதெல்லாம் நடக்காதுங்க."

"நாட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கிறதே?"

"அது அவங்க மணல் துரை. அவங்களுக்குப் பழக்கம்."

வாத்தியார் உறுதியாகக் கையை விரித்துவிட்டார். புதுத் திட்டம் எது வந்தாலும் "இந்தப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லும் மரபு எவ்வளவு பழையது என்று இதிலிருந்து தெரிகிறது.

பெல் பதிலுக்கு வாத்தியாரோடு மல்லுக்கட்டவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். பெயர் ஜான் ஃபிரிஸ்கன், ஒரு சிப்பாயின் மகன். "டேய், நீ சொல்லிக்கொடுப்பாயா?" "கொடுக்கிறேன் துரை." அவனுக்கு இது முடியாத காரியம் என்று யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அதனால் முடித்துவிட்டான். மணலைப் பரப்பினான், சின்னதுகளை உட்கார வைத்தான், எழுத்தை ஏற்றினான். கொஞ்ச காலத்தில் மற்ற வகுப்புகளும் பையன்கள் கைக்கே போயின. பெரியவர்களுக்கு மிச்சம் இருந்த வேலை ஒழுங்கைப் பார்த்துக்கொள்வதுதான்.

இதில் நிஜமான சங்கதி ஒன்று உண்டு. கற்றதை இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது இரண்டாம் முறை, இன்னும் ஆழமாக ஏறுகிறது. பெல்லுக்கு இது புரிந்தது. புரிந்ததை அப்படியே சொல்லியிருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். அவர் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்: இதற்குச் செலவு ரொம்பக் குறைவு. உலகத்தின் காதில் விழுந்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

1796-ல் மதராஸை விட்டுக் கிளம்பியவர், 1797-ல் லண்டனில் மதராஸ் பரிசோதனையை விவரித்து ஒரு சிறு புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' பிறந்தது. எந்தத் திண்ணையைப் பார்த்தாரோ அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயர் அதில் இல்லை. கேட்டு எழுதிக்கொள்வதற்குக் குதிரையை விட்டு இறங்க வேண்டுமே.

பெல்லுக்கு 170 வருஷத்துக்கு முன்பே இன்னொரு வெளிநாட்டார் இதைப் பார்த்திருந்தார். பியட்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியர் 1623-ல் கர்நாடகத்தில் இக்கேரிக்குப் போகிற வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினார். அங்கே நாலு பையன்கள் தரையில் மணலைத் தூவி, ராகம் போட்டுக் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் இல்லை. "தப்பு வந்தால் யார் திருத்துவார்?" என்று இவர் கேட்க, நாலு பேரும் ஒரே இடத்தில் மறந்துபோக வாய்ப்பில்லை, எங்களுக்குள்ளேயே திருத்திக்கொள்வோம் என்கிற மாதிரி பதில் வந்தது. ஒரு வரியில் முழுத் தத்துவமும் அடங்கிவிட்டது. ஆனால் இத்தாலியர் அதை ரசித்துக் கடிதத்தில் எழுதிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். முறை என்று பெயர் வைக்கத் தெரியாத மனிதர்.

லண்டனில் காட்சி மாறுகிறது. சவுத்தாக் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இருபது வயது இளைஞர் 1798-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார். பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசம். பிள்ளைகள் குவிந்தார்கள், வாத்தியார் வைக்கக் காசில்லை. எனவே அவரும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். மணலும் அங்கே வந்து சேர்ந்தது. ஒரே வாத்தியார் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்று கணக்குக் காட்டினார். 1805-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே அவரைக் கூப்பிட்டுப் பேசி, பணமும் கொடுத்தார்.

லங்காஸ்டர் பிரம்படியை வெளிப்படையாக எதிர்த்தவர். அதற்குப் பதிலாக அவர் வைத்திருந்த தண்டனைகள்: கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவது, பையனைக் கூடையில் போட்டுக் கூரையில் தொங்கவிட்டு மற்றவர்களைச் சிரிக்கச் சொல்வது. பிரம்படியே தேவலை என்று எத்தனை பையன்கள் நினைத்தார்களோ.

1804-ல் லங்காஸ்டர், அப்போது ஸ்வானேஜ் என்ற கடலோர ஊரில் பாதிரியாராக இருந்த பெல்லைப் போய்ப் பார்த்தார். இருவரும் அன்பாகப் பேசிப் பிரிந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் உலகம் பிழைத்திருக்கும். ஆனால் லங்காஸ்டர் குவேக்கர் சபைக்காரர், பெல் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர். சாரா டிரிம்மர் என்ற எழுத்தாளர் அம்மையார், "உங்கள் சரக்கை ஒரு குவேக்கர் விற்றுக்கொண்டிருக்கிறாரே" என்ற பாணியில் பெல்லை உசுப்பிவிட்டார். மூண்டது சண்டை. திருச்சபை பெல் பக்கம். கவிஞர்கள் கோலரிட்ஜும் சதேயும் பெல் பக்கம். மற்ற சபைக்காரர்களும் சீர்திருத்தக்காரர்களும் லங்காஸ்டர் பக்கம். முறையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று பத்திரிகைகளிலும் பிரசங்க மேடைகளிலும் வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. எழும்பூர்ப் பக்கத்தில் ஒருவர் அதே சமயம் மணலைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

1811-ல் பெல் கோஷ்டி நேஷனல் சொசைட்டியைத் தொடங்கியது. லங்காஸ்டர் கோஷ்டியின் சங்கம் 1814-ல் 'பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் ஸ்கூல் சொசைட்டி' ஆனது. இவர் ஒரு தெருவில் பள்ளி திறந்தால் அவர் அடுத்த தெருவில் திறந்தார். இந்தப் பொறாமைக்கு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் கடமைப்பட்டிருக்கிறார்கள். வேறு எந்த நல்லெண்ணத்தாலும் அவ்வளவு வேகமாக அவ்வளவு பள்ளிகள் வந்திருக்காது.

ஏழைகள் படிப்பதே ஆபத்து என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1807-ல் பள்ளிகளுக்கான மசோதா ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது டேவிஸ் கிடி என்ற உறுப்பினர் எழுந்தார். கூலிக்காரன் படித்தால் தன் நிலைமையை வெறுப்பான், கலகப் பிரசுரங்களைப் படிப்பான், மேலே இருப்பவர்களை மதிக்கமாட்டான் என்று எச்சரித்தார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அதற்காகத்தானே படிக்க வைப்பது! இந்த மனிதர் பின்னாளில் விஞ்ஞானிகளின் ராயல் சொசைட்டிக்கே தலைவரானார்.

பெல்லும் இவர்களுக்குத் தைரியம் சொன்னார். ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவு பிடிக்கிற படிப்புக் கொடுக்கும் உத்தேசம் இல்லை, எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும் கற்றுத்தர வேண்டியதும் இல்லை, பைபிள் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பது அவர் வாக்கு. பிள்ளைகள் விரலால் எழுதுவதைப் பார்த்துக் குதிரையைத் திருப்பியவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாரும் எழுத வேண்டாம் என்கிறார்.

இங்கே, மதராஸ் மாகாணத்தில் 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாம் ஆளும் ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது? கலெக்டர்களுக்கு ஓலை பறந்தது. கலெக்டர்கள் நிதானமாக, வருஷக்கணக்கில் எண்ணினார்கள். கனரா கலெக்டர், இதெல்லாம் வீண் வேலை என்ற தோரணையில் கைகழுவினார். ஒருவழியாக 1826-ல் கூட்டிப் பார்த்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். மாகாண ஜனத்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. படிப்பறிவே இல்லாத நாடு என்று நம்பி வந்தவர்களுக்கு இது அதிர்ச்சி.

பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் விசிலடிப்பது வழக்கம். விசிலைக் கொஞ்சம் நிறுத்தி அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அத்தனை பிள்ளைகளில் பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரம். மணல் எல்லாருக்கும் பொதுவாகத்தான் கிடந்தது. அதில் உட்காரும் உரிமை பொதுவாக இல்லை.

இந்தக் கணக்கெடுப்பில் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கைதான் ருசியானது. அவர் சொல்கிறபடி, காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிறவனுக்குப் பூஜ்யம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஓர் அடி, நாலாவது ஆளுக்கு இரண்டு, அப்புறம் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வந்தவனுக்குக் கூட்டல் கணக்கு அன்றே வந்துவிடும். சோம்பேறிப் பையனை இரண்டு கையையும் கட்டிக் கப்பி வைத்துக் கூரையில் தொங்கவிடுவார்களாம். லண்டனில் கூடை, பெல்லாரியில் கப்பி. பிள்ளைகளைக் கூரையில் தொங்கவிடும் யோசனைக்கு மட்டும் எந்த நாடும் எந்த நாட்டிடமும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

கேம்ப்பெல் இரண்டு விஷயங்களைப் பாராட்டினார்: செலவில்லாமல் எழுதப் பழக்குவது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது. இங்கிலாந்து இதைப் பார்த்துக் காப்பியடித்தது சரிதான் என்றும் ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு குட்டும் வைத்தார். பையன்கள் ஏராளமான செய்யுளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், ஆனால் கிளிக்கு எவ்வளவு அர்த்தம் தெரியுமோ அவ்வளவுதான் இவர்களுக்கும் தெரிகிறது என்றார். இருநூறு வருஷம் ஆகிறது. கிளி இப்போது நோட்ஸ் வாங்கிப் படிக்கிறது.

வேடிக்கையின் உச்சம் இனிதான். லண்டன் போய்ச் சேர்ந்த மதராஸ் முறை அங்கே கோட்டு மாட்டிக்கொண்டு இந்தியாவுக்கே திரும்பி வந்தது. வங்காளத்தில் சின்சுராவில் ராபர்ட் மே என்ற பாதிரியார் 1814-ல் இந்த முறையில் பள்ளிகள் தொடங்கினார். மணலில் எழுதிப் பழகிய நாட்டில், மணலில் எழுதுவது எப்படி என்று சீமையிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தார்கள். நம்மவர்களும் கைகட்டிக் கேட்டிருப்பார்கள். சீமையிலிருந்து திரும்பி வந்தது வீட்டுத் தயிர்சாதமாக இருந்தாலும் நமக்கு அதில் தனி மணம் உண்டு.

நாயகர்கள் கதையை முடித்துவிடுவோம். லங்காஸ்டர் கைக்கு வந்த பணத்தையெல்லாம் கைக்கு வராத பணத்தோடு சேர்த்துச் செலவழித்தார். தன் சங்கத்தோடே சண்டை போட்டு, 1818-ல் அமெரிக்கா போனார். அங்கிருந்து விடுதலை வீரர் பொலிவாரின் அழைப்பில் காரகாஸ் போனார். அங்கும் வாக்குக் கொடுத்த பணத்தில் தகராறு. 1838-ல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

பெல்லுக்குப் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். 1832-ல் அவர் இறந்தபோது மதராஸ் முறைப் பள்ளிகள் ஏறத்தாழ 12,000 இருந்ததாகச் சொல்வார்கள். சொத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதிவைத்தார். அதில் எழுந்த பள்ளிதான் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் நடக்கும் 'மதராஸ் காலேஜ்'. சென்னை தன் பெயரை மாற்றிக்கொண்டது, அவர்கள் மாற்றவில்லை. பெல்லின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், ராஜாக்களோடு ராஜாவாக அடக்கம் செய்தார்கள்.

எட்டு வயதுப் பிள்ளைகளை வாத்தியாராக வைத்து ஒரு தேசத்தைப் படிக்க வைக்க முடியாது என்று இங்கிலாந்துக்குத் தெரிய இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. 1846-ல் பதின்மூன்று வயது தாண்டியவர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி வாத்தியாராக வைக்கும் ஏற்பாடு வந்தது. பாடம் நடத்துகிறவனுக்கும் கூலி தர வேண்டும் என்ற ஞானம் அப்போதுதான் எட்டிப்பார்த்தது.

இங்கே மன்றோவுக்கு அந்த ஞானம் முன்பே வந்திருந்தது. நாட்டுப் பள்ளி வாத்தியாருக்கு மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறவில்லை, அதனால்தான் தரமில்லை என்று 1826-ல் எழுதினார். தாசில் பள்ளி வாத்தியாருக்கு ஒன்பது ரூபாய், ஜில்லாப் பள்ளி வாத்தியாருக்குப் பதினைந்து ரூபாய் சர்க்காரே கொடுக்கட்டும் என்று திட்டம் போட்டார். மறு வருஷம் காலராவில் மன்றோ இறந்தார். சில வருஷத்தில் திட்டமும் இறந்தது. மவுண்ட் ரோடு பக்கம் இன்றைக்கும் அவர் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சேணத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் ஒருவரும் ஒன்பது ரூபாயைப் பற்றிப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறைகள் வந்தன. கரும்பலகை போய் அட்டை வந்தது, அட்டை போய் செயலி வந்தது. 'சக மாணவர் வழிக் கற்றல்' என்று பயிற்சி முகாமில் சொல்லும்போது, சட்டாம்பிள்ளை புதுச்சட்டை போட்டு வந்திருக்கிறான் என்று யாரும் எழுந்து சொல்வதில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் ஊர்ப் பள்ளியில், ஒருவர் கூட்டத்துக்கும் இன்னொருவர் கணக்கெடுப்புக்கும் போன நாளில், மூன்றாம் வகுப்பை லீடர்தான் ஆளுகிறான்; பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதுகிறான்.

ஆக, திண்ணையிலிருந்து எல்லாரும் எடுத்துப்போனது மணலையும் சட்டாம்பிள்ளையையும்தான், இரண்டுக்கும் காசு கிடையாது என்பதால். பிள்ளையின் விரலைப் பிடித்த கையை யாரும் எடுத்துப்போகவில்லை. அதற்கு மாசா மாசம் கொடுக்க வேண்டியிருக்கும். சிக்கனத்தைக் கண்டுபிடித்தவருக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் இடம் கிடைத்தது. வாத்தியார் சம்பளத்தைக் கண்டுபிடிப்பவருக்கு அங்கே இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆர்வமுள்ள நிதியமைச்சர்கள் விண்ணப்பிக்கலாம்.